டில்லிக்குப் போன நூறு ரூபாய்

எங்கள் வீட்டு ஓனர் ஏசுபாதம் வருமான வரி கட்டுகிறவர் என்பது முடிச்சூர் ரோட்டில் யாருக்காவது தெரியாமல் இருந்தால், அவரே நிறுத்தி வைத்துச் சொல்லிவிடுவார். ரேஷன் கடையில் அரிசி புழுத்திருந்தால், "இன்னாப்பா, என் டாக்ஸ் பணத்துல வாங்கின அரிசி இப்டியா கீது?" என்பார். பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் நின்றால் கண்டக்டருக்கும் அதே பாட்டுதான். போலீஸ் ஜீப் போனால், "ஓடுது பாரு, நம்ம பெட்ரோல்" என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்த வரி வருஷத்துக்கு முன்னூறு ரூபாய்கூடத் தேறாது. எனக்குத் தெரியும். குரோம்பேட்டையில் ஓர் ஆடிட்டரிடம் கணக்கு எழுதும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவருடைய பின்போர்ஷனில் குடியிருந்தவன் நான். சுவரில் காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிப்பதற்கே அனுமதி வாங்க வேண்டிய இடத்தில் இதையெல்லாம் பேச முடியுமா?

ஏசுபாதம் அப்படிப் பேசப் பிறந்தவர் இல்லை. ரயில்வே பணிமனையில் ஃபிட்டராகச் சேர்ந்து ஃபோர்மேனாக ரிடையர் ஆகும் வரைக்கும் 'எஸ் சார்' தவிர அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்ததில்லை என்று அவர் மனைவி செல்வமேரி அக்காவே சொல்வார். ரிடையர் ஆன பிறகு வந்த முதல் மார்ச் மாதம், பேங்க்கில் பென்ஷன் குறைந்திருந்தது. பயந்துகொண்டே கேட்கப் போயிருக்கிறார். மேனேஜர் உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, "பென்ஷனும் சம்பளம் மாதிரிதான் சார், வரி உண்டு. அதுல ஒரு பங்கை கம்யூட் பண்ணி முன்னாலயே மொத்தமா வாங்கினீங்களே, அதுக்குத்தான் கிடையாது. இனிமே நீங்க டாக்ஸ் பேயர் சார்" என்று சொல்லி அனுப்பினாராம்.

வாழ்நாள் முழுக்க அடுத்தவரை சார் என்று கூப்பிட்டவரை ஒரு மேனேஜர் சார் என்று கூப்பிட்டுவிட்டார். அன்றைக்குக் கிளம்பிய குரல்தான். அந்தக் குரல் கேட்டுத்தான் எங்கள் தெருவிளக்கு எரிந்தது, குப்பை வண்டி வந்தது. தெருக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். பஞ்சாயத்து ஆபீஸில் காரியம் என்றால் மட்டும் "சார், நீங்க முன்னால போங்க" என்பார்கள். நானும் அப்படித்தான்.

பென்ஷனை வாங்கி வந்து கொடுப்பதோடு அவர் பொருளாதாரம் முடிந்துவிடும். மற்றதெல்லாம் அக்கா. மகள் கல்யாணம் போக மிச்சமிருந்த பி.எஃப். பணம் டெபாசிட்டில் கிடந்தது. அதன் வட்டியில் மருந்து மாத்திரை, கிறிஸ்துமஸ் துணி. பென்ஷனில் மளிகை, பால், கரண்ட். நான் ஒன்றாம் தேதி கொடுக்கும் எழுநூறு ரூபாய் வாடகை, அக்காவின் முந்தானையில் ஏறி அரிசி டிரம்முக்குள் இறங்கிவிடும். "அது வாடகை இல்ல தம்பி, அரிசி" என்பார். அதைப் பற்றி ஏசுபாதம் கேட்டதும் இல்லை. அதுவும் ஒரு வருமானம் என்று அவர் புத்தியில் பட்டதும் இல்லை.

தொண்ணூற்றைந்தாம் வருஷ பட்ஜெட்டில் வரிவிலக்கு வரம்பை நாற்பதாயிரமாக உயர்த்தினார்கள். நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி ஓடிப்போய், "சார், இனிமே உங்களுக்கு டாக்ஸே கிடையாது!" என்றேன். சந்தோஷப்படுவார், ஒரு டம்ளர் காபியாவது கிடைக்கும் என்று நினைத்தேன். அவர் சாவுச் செய்தி கேட்டவர் மாதிரி, "யாரு சொன்னது?" என்றார்.

என்னை நம்பாமல் பேங்க்குக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு டாக்ஸ் பிடிக்க வேண்டியதில்ல சார்" என்றாள்.

"பரவால்ல, புடிச்சிக்கோம்மா."

"பிடிக்கக் கூடாது சார்."

"நானே சொல்றேன், புடின்னு. போன வருஷம் இன்னா புடிச்சியோ அதையே புடி. ஒண்ணும் கொறைக்க வேணாம்."

வரிசையில் நின்ற பென்ஷன்காரர்களில் ஒருவர், "அண்ணா, அவ்ளோ ஆசையா இருந்தா எனக்கு மாத்திரை வாங்கிக் குடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஏசுபாதம் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டார்.

அதோடு குரல் அடங்கியது. பஸ் தாண்டிப் போய் நின்றால் பேசாமல் திரும்பி நடந்து வந்தார். தெருவிளக்கு அணைந்தது, அணைந்தபடியே கிடந்தது. மழைக்கு முன்னால் கால்வாய் வேலை என்று பஞ்சாயத்து ஆட்கள் வந்து தெருமுனையைத் தோண்டி, மண்ணை எங்கள் சாக்கடை வாயிலேயே குவித்துவிட்டுப் போனார்கள். பின்போர்ஷன் தாழ்வு. முதல் மழைக்கே என் வீட்டு வாசலில் செங்கல் போட்டுத்தான் நடக்க முடிந்தது. பெரிய மழை இன்னும் வரவே இல்லை.

நான் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனேன். "எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். அந்தக் காகிதத்தின் மேல் என் கண்ணெதிரிலேயே டீ டம்ளரை வைத்தார்கள். நேரே வந்து ஏசுபாதத்திடம், "சார், நீங்க வந்து ஒரு சத்தம் போட்டா போதும்" என்றேன்.

"இன்னான்னு போய்க் கேக்கறது? ஓசியில குந்திக்கினு கீறவன் சத்தம் போடலாமா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் தண்ணீர் வரப்போகிறது, இந்த மனுஷன் மானம் பார்த்துக்கொண்டிருக்கிறாரே! ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் பாவமாகப் போய்விட்டது. நிஜமாகவே அவர் அதை நம்பினார். கேட்கிற யோக்கியதை தன்னிடமிருந்து போய்விட்டது என்று நம்பினார்.

மறுநாள் சாயங்காலம் அக்கா என் வாசலுக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது. "புழுத்த அரிசிய வாய் தொறக்காம வாங்கிக்கினு வந்துட்டாரு தம்பி. அவரு கத்தினா தலைவலி வரும். இப்போ கத்தாம எனக்கு நெஞ்சே வலிக்குது. திரும்ப டாக்ஸ் கட்றதுக்கு இன்னா வழி?"

"வருமானம் கூடணும்க்கா. ஏன், என் வாடகையைச் சேர்த்தாலே தாண்டிடுமே. நியாயமா அதை முதல்லேர்ந்தே காட்டியிருக்கணும்" என்றேன்.

அக்கா செங்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்போ இத்தினி வருசமா நாங்க கவர்மென்ட்ட ஏமாத்திக்கினு இருந்தமா? ஐயோ, இது அவருக்குத் தெரிஞ்சா செத்தே போயிடுவாரு!"

உண்மைதான். ஊரையே வரியை வைத்து மிரட்டியவர், தன் வீட்டு அரிசி டிரம்மை மறந்துவிட்டார் என்று தெரிந்தால் அப்புறம் ஜென்மத்துக்கும் வாய் திறக்க மாட்டார். நான்தான் யோசனை சொன்னேன். என் வாயில் சனி. "வாடகை இந்த மாசம் ஏறியிருக்கு, அதனாலதான் இப்போ வரி வருதுன்னு சொல்லிடலாம்க்கா."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொய் சொல்லக் கூடாது தம்பி. நூறு ரூபா ஏத்திடறேன். ஒண்ணாந் தேதிலேர்ந்து எண்ணூறு." ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பழைய வருஷங்களுக்கு என்று உண்டியலிலும் ஏதோ போட்டுவிட்டு வந்தார். "அவரும் கவர்மென்ட்டும் பேசித் தீத்துக்கட்டும்" என்று மேலே கை காட்டினார்.

ஏசுபாதம் நம்பிவிட்டார். என்னைப் பார்த்து, "வாடகை கூடிப்போச்சாமே, கஷ்டமா இல்லியா?" என்று ஒரு வார்த்தை கேட்டார், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வருஷ முடிவு வரை பொறுக்கவும் இல்லை. அந்த வாரமே பேங்க்கில் வரியைக் கட்டி, முத்திரை குத்திய சலானைச் சட்டைப் பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார்.

நேராகப் பஞ்சாயத்து ஆபீஸ். நானும் போனேன். அக்காவும் பின்னாலேயே வந்தார். ஏசுபாதம் சலானை மேஜை மேல் அடித்து வைத்து, "என் டாக்ஸ் பணத்துல சம்பளம் வாங்கிக்கினு சாக்கடைய மூடி வெச்சிட்டுப் போவீங்களா?" என்று ஆரம்பித்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு கேட்ட குரல்.

அதிகாரி சலானை எடுத்துப் படித்தார். நிதானமாக, "சார், இது டில்லிக்குப் போற பணம். எங்க சம்பளம் இதுல வரல. எங்களுக்கு வீட்டு வரிதான். அதைக் கட்டறவங்க வந்து கேக்கட்டும்" என்றார்.

ஏசுபாதம் சலானை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து அக்கா சொன்னார். "அத்த நான்தாங்க கட்றேன். வருசத்துக்கு ரெண்டு தபா, அதோ அந்த ஜன்னல்ல."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்து, "ஆமா சார், அந்தம்மா கெடு தேதிக்கு முன்னாடியே வந்துடுவாங்க. சில்லறைகூடச் சரியா இருக்கும்" என்றார்.

ஏசுபாதம் மனைவியை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். "நீயா கட்ற? எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

அவர் அதிகாரி பக்கம் திரும்பினார். மேஜை மேல் இருந்த டீ டம்ளர் ஆடுகிற மாதிரி ஒரு குரல் வந்தது. "கேட்டியா? எங்க செல்வமேரி கட்ற பணத்துல சம்பளம் வாங்கிக்கினு, செல்வமேரி வூட்டு வாசல்லயே மண்ணக் கொட்டுவியா? எழுந்து வா! வந்து பாரு!"

மறுநாள் மண்ணை அள்ளிவிட்டார்கள். தெருவிளக்கும் சேர்ந்து எரிந்தது. அதற்கப்புறம் வரிவிலக்கு வரம்பு எத்தனை தடவை ஏறினாலும் ஏசுபாதம் கவலைப்படவில்லை. ரேஷன் கடையோ பஸ்ஸோ, "என் சம்சாரம் டாக்ஸ் கட்றாங்க, தெரியுமில்ல?" என்றுதான் ஆரம்பிப்பார்.

எல்லாம் சுபமாக முடிந்ததே என்று, அடுத்து வந்த ஒன்றாம் தேதி அக்காவிடம் மெதுவாக இழுத்தேன். "அக்கா, அவருக்குத்தான் குரல் வந்துடுச்சே. அந்த நூறு ரூபாய்..."

அக்கா எண்ணூறையும் முந்தானையில் முடிந்துகொண்டார். "அது டில்லிக்குப் போவுது தம்பி. வேணும்னா அங்க போய்க் கேளு."