அப்பா தூங்கும் பாடம்

மதிவதனி மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. எங்கள் தொடக்கப்பள்ளியில் ஐந்து வகுப்பு, இரண்டே ஆசிரியர்கள். தலைமை ஆசிரியையான நானும் அவளும். புதிய பாடப்புத்தகம் எழுதும் குழுவுக்கு அனுபவமுள்ள ஆள் வேண்டுமென்று சென்னையிலிருந்து உத்தரவு வந்ததும் கிளம்பிவிட்டாள்.

"உனுக்குப் பதிலா ஆள் வர்ற வரிக்கும் போவாதே" என்றேன்.

"அடுத்த வாரமே போடறாங்களாம்க்கா. புக்கு எழுதறவங்க யாரும் நம்ம பக்கம் வந்ததே இல்ல. நான் போனாத்தான் மாறும்."

அதிலும் பொய் இல்லை. இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்தின் கீழும் 'வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டு' என்று இருக்கும். எங்கே காட்டுவது? பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஒரகடம் வரை கம்பெனிதான். நைட் ஷிப்டோடு ஓ.டி.யும் பார்த்துவிட்டு வரும் அப்பா, பிள்ளை பள்ளி விட்டு வரும் நேரத்தில் அசந்து தூங்குவார். இருப்பது ஒரே அறை. வாயைத் திறந்தால் முதுகில் விழும்.

அதனால் மதிவதனி காலையில் மணி அடிப்பதற்கு முன்பே வந்துவிடுவாள். ஒவ்வொரு பிள்ளையையும் கிட்டே நிற்கவைத்துக் கத்திப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். ரோட்டில் போகும் கம்பெனி பஸ்காரனே திரும்பிப் பார்ப்பான். எங்கள் பிள்ளைகள் படிக்கக் கற்றது அப்படித்தான்.

அவள் போனாள். பதிலுக்கு ஒரு ஈ காக்காகூட வரவில்லை. கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். 'பார்க்கலாம்' என்றார்கள். ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் அடைத்தேன். ஒரு பக்கம் அடக்கினால் இன்னொரு பக்கம் கிளம்பும். ஒரு பிள்ளை படிப்பதைக் காதுகொடுத்துக் கேட்க எனக்கு எங்கே நேரம்?

அரையாண்டு முடிந்து மதிவதனி வந்தாள். கூடவே குழுவின் அதிகாரி ஜீவானந்தம். அவள் எழுதிய பாடத்தை எங்கள் பிள்ளைகளிடம் படிக்கக் கொடுத்துப் பார்க்க வேண்டுமாம். 'அப்பா தூங்குகிறார்' என்று பாடம். கீழே, 'பள்ளியில் சத்தமாகப் படி.' பார்த்ததும் எனக்கே சந்தோஷமாக இருந்தது.

மதிவதனி இரண்டாம் வகுப்புப் பூஜாவை எழுந்து படிக்கச் சொன்னாள். மதிவதனி இங்கே இருந்தபோது அந்த வகுப்பில் முதலில் படிக்கத் தொடங்கியவள் அவள்தான். "அ... ப்..." அதற்கு மேல் வரவில்லை. அடுத்த பிள்ளைக்கும் வரவில்லை.

மதிவதனி என் பக்கம் திரும்பினாள். "இத்தினி நாளா இன்னாக்கா பண்ணிக்கினு இருந்தீங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அஞ்சு கிளாஸையும் ஒண்டியா மேய்ச்சிக்கினு இருந்தேன். நீ உட்டுட்டுப் போன புள்ளைங்கதான். நல்லா பாத்துக்கோ."

ஜீவானந்தம் கண்ணாடியைக் கழற்றினார். "பாடம் கஷ்டமா இருக்கு மேடம். எடுத்துடலாம். பழைய பாடமே இருக்கட்டும்."

"பாடம் கஷ்டம் இல்ல சார். டீச்சர் இல்ல. அதைச் சொல்லுங்க மேல!" என்று கத்தினாள் மதிவதனி.

"அது வேற செக்‌ஷன் மேடம். நமக்குப் பாடம் மட்டும்தான்."

"அப்ப என்னை இங்கியே திருப்பி அனுப்பிடுங்க."

"வருஷக் கடைசி வரைக்கும் ஆர்டர் இருக்கே. வாங்க, படப்பை ஸ்கூலுக்கு நேரமாச்சு."

அவள் காரில் ஏறினாள். பூஜா பின்னாலேயே ஓடினாள். "டீச்சர், நாளிக்கு வருவீங்களா? நான் கத்திப் படிக்கிறேன்."

மதிவதனி கார்க் கதவைச் சாத்தினாள். கார் போய்விட்டது.

"வர மாட்டாங்க. போய் உக்காரு!" என்று பூஜா மேல் எரிந்து விழுந்தேன். திட்ட எனக்குக் கையில் கிடைத்தது அந்தப் பிள்ளைதான்.