என் மூக்கைப் பார்க்க வந்தவர்கள்

கன்னத்து எலும்பில் பிளேட் வைத்து, மூக்கை நிமிர்த்தி, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் கட்டி இன்றோடு ஐந்து நாள். பேச முடியாது. ஸ்ட்ரா போட்டுக் கஞ்சி குடிக்கிறேன்.

எனக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் இன்று ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கையில் அரைக் கிலோ அல்வா. வாயைத் திறக்க முடியாதவளுக்கு!

அந்த அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனில் இருந்த நிச்சயதார்த்தப் போட்டோவை என் வீங்கிய முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து டாக்டரிடம் காட்டினார்.

"இது மாதிரியே வந்துருமா டாக்டர்? வைர மூக்குத்தி வேற செஞ்சு வச்சிருக்கோம்."

"உயிர் தப்பினதே பெருசும்மா."

"அது சரிதான். மூக்கு கோணலா நின்னுட்டா நாலு பேரு கேப்பாவல்லா?"

தலையணைக்கு அடியிலிருந்து என் போனை எடுத்தேன்.

மாப்பிள்ளை சன்னல் வழியே தன் பைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்ணார்பேட்டையில் பஸ்ஸை முந்தப் போய், பின்னால் உட்கார்ந்திருந்த என்னைத் தடுப்புச் சுவரில் வீசிய பைக். கிளம்பும்போது நான் ஹெல்மெட் கேட்டேன். "எதுக்கு? பூ கசங்கிரும்லா" என்றார். அவர் தலையில் ஹெல்மெட் இருந்தது.

போனில் தட்டி அந்த அம்மாவிடம் நீட்டினேன்: "என் மூக்கு நேராயிரும். உங்க மகனை யார்ட்டயாவது காட்டுங்க."

அல்வா நர்ஸ்களுக்குப் போய்விட்டது. நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுக்க நல்ல நேரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ராகுகாலமானாலும் பரவாயில்லை.