பாக்கியநாதன் பெஞ்சு பார்த்துச் சேர்ந்த வங்கி

பொன்னேரியில் ஒரு வங்கியின் பெஞ்சில் உட்காருவது என்று பக்கத்து ஆரணி அரிசி மில்லின் இஞ்சின் டிரைவர் பாக்கியநாதன் எடுத்த முடிவு, எங்கள் வட்டாரத்தின் அண்மைக்கால வரலாற்றில் தலையாயது. அப்படிப்பட்டவரின் மறைவுச் செய்தி சென்ற திங்கட்கிழமை பஸ் நிறுத்தத்தில் எனக்குக் கிடைத்தது. மூட்டை தூக்கும் சின்னப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு, “பாக்கியண்ணன் பூட்டாரு, கணக்குப்புள்ளே” என்றான். பஸ் வந்தது. இருவரும் ஏறவில்லை.

நான் அந்த மில்லின் குமாஸ்தா. பாக்கியநாதனை அறிந்தவர்களுக்கு மில்லின் வழக்கமும் தெரியும். கூலியில் பாதியைச் சனிக்கிழமை கையில் கொடுப்பார்கள். மீதியை முதலாளி பத்திரமாக வைத்திருப்பார். கேட்கும் காரணம் அவருக்குச் சரியாகப் பட்டால் தருவார். கூரை மாற்றுவது சரியான காரணம். சாவு மிகச் சரியான காரணம். பாக்கியநாதனின் மகள் மேரி ஆசிரியப் பயிற்சிக்குச் சேருவது காரணமாகவே படவில்லை. “பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்குடா அது?” என்று முதலாளி கேட்டார். அந்த வருஷம் மேரி சேரவில்லை.

அடுத்த வருஷத்துக்குள் பணம் தன் கையில் இருக்க வேண்டும் என்று பாக்கியநாதன் வங்கி தேடினார். தபால் ஆபீஸில் வெயிலில் ஜன்னலோரம் நிற்க வேண்டியிருந்தது. பொன்னேரி வங்கிக்கு நானும் உடன் போனேன். கிளையை நடத்தும் ஏஜெண்டு வட்டி விகிதத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

“வட்டி இருக்கட்டும் சார். இந்த பெஞ்சு யாருக்கு?”

“வர்றவங்க உக்கார.”

“யார் வந்தாலுமா?”

“கணக்கு வெச்சிருக்கிறவங்க யார் வந்தாலும்.”

“அப்போ இங்கியே வெச்சிக்கிறேன்” என்றார் பாக்கியநாதன். எங்கள் மில் அலுவலகத்தில் இரண்டு நாற்காலிகள் உண்டு. ஒன்று முதலாளிக்கு, மற்றது கணக்குப் புத்தகங்களுக்கு. நான் பாயில். பாக்கியநாதன் இருபது வருஷமாக வாசற்படிக்கு வெளியே நின்றுதான் பேசினார்.

ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் ஏஜெண்டு. பாக்கியநாதனுக்குத் தெரிந்தவர்களில் அங்கே கணக்கு வைத்திருந்தவர்கள் இருவர்: முதலாளி, ஏழு ரூபாயுடன் நான். என் பேனாவில் அன்று மை இல்லை. அடுத்த சனிக்கிழமை எனக்குத் தலைவலி. மூன்றாவது சனிக்கிழமை அவரே வீட்டு வாசலுக்கு வந்தார்.

“கணக்குப்புள்ளே, மொதலாளி இன்னா சொல்வாரோன்னு உங்களுக்கு பயமாக்கீது. எனுக்கும் பயந்தான். சேந்து போனா ஆளுக்குப் பாதி.”

கையெழுத்துப் போட்டேன். அது கோணலாக விழுந்ததால், ஏஜெண்டு அதை என் மாதிரிக் கையெழுத்துடன் இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்தார்.

அந்த வாரமே பாக்கியநாதன் முழுக் கூலி கேட்டார். “ஏண்டா பாக்கியம், உன் டப்பு எங்கிட்ட இருந்தா கரையுதா?” என்றார் முதலாளி.

“கரையல மொதலாளி. கேட்டா வரமாட்டேங்குது.”

நான் பேரேட்டில் மூழ்கினேன். அப்போது அறுவடை நெல் களத்தில் மலையாய்க் குவிந்திருந்தது. மில்லின் கிழட்டு இஞ்சினோ பாக்கியநாதன் கைபட்டால்தான் கிளம்பும். முதலாளி பெருந்தன்மையுடன் இசைந்தார்.

அதன்பின் சனிக்கிழமைதோறும் பாக்கியநாதன் சலவைச் சட்டையில் பொன்னேரி போனார். பணம் கட்ட ஐந்து நிமிஷம், உட்கார அரை மணி. “இன்னாண்ணே, அங்க இஞ்சின் ஓட்றியா, இம்மா நேரம்?” என்று சின்னப்பன் சீண்டினால், “வட்டி வாங்கிக்கினு இருந்தேன்” என்பார்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் அவருடன் நானும் அந்தப் பெஞ்சில் இருந்தபோது முதலாளி உள்ளே வந்தார். ஏஜெண்டு எழுந்தார். காசாளர் எழுந்தார். நான் அவர்களுக்கு முன்பே எழுந்துவிட்டேன். பாக்கியநாதன் சற்று நகர்ந்து, “உக்காருங்க மொதலாளி, எடம் கீது” என்றார்.

முதலாளி பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார்.

“எவ்ளோ போட வந்தே?”

“போட வரல மொதலாளி. எடுக்க வந்தேன். மேரிக்கு நாளன்னிக்கு பீஸு கட்டணும்.”

முதலாளி தன் குடையின் பிடியைத் துடைத்தார். “எந்த ஊர்ல?” என்று கேட்டார்.

“மெட்ராஸ்ல.”

“ஹாஸ்டல்ல சோறு நல்லா இருக்குமான்னு விசாரிச்சியா?”

“விசாரிக்கணும், மொதலாளி.”

மேரி இப்போது கும்மிடிப்பூண்டியில் ஆசிரியை. அணா போய் நயா பைசா வந்த குழப்பத்தில் பாதி ஊருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். மில் ஆட்கள் பதினொரு பேரின் வங்கி விண்ணப்பங்களில் அறிமுகம் செய்தவர் என்ற இடத்தில் பாக்கியநாதனின் கையெழுத்து இருக்கிறது. என்னுடையது ஒன்றில் இருக்கிறது. யாராவது கையெழுத்துக் கேட்டால் அன்றே போட்டுவிடும் பழக்கம் அவரால் எனக்கு வந்தது. அதை வைத்துக்கொள்கிறேன்.

மில்லில் இப்போது சனிக்கிழமை எல்லோருக்கும் முழுக் கூலி கொடுக்கிறார்கள்.