வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அஞ்சலையம்மா

எங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வசமயப் பிரார்த்தனைக் கூடத்துக்கு இருபது வயது முடிந்துவிட்டதாம். விழா மலருக்கு அதன் வரலாற்றை எழுதும் வேலையை அலுவலகக் கண்காணிப்பாளனான என் தலையில் கட்டிவிட்டார்கள். வாசல் கல்வெட்டில் பதினோரு பெயர்கள். அவர்களில் ஒருவர்கூட அந்தக் கூடத்தை ஒருநாள் பெருக்கியவர் இல்லை. இருபது வருடமாகப் பெருக்குகிறவர் அஞ்சலையம்மா. அவர் கதையை எழுதினால் மலர்க்குழு அடித்துவிடும். அடித்தால் அடிக்கட்டும்.

அவர் திருமழிசைக்காரர். கூடம் கட்டியபோது சித்தாளாக ஜல்லி சுமந்தவர். உண்மையில் அது ஜெனரேட்டர் அறையாகத்தான் எழும்பியது. கோயில் வேண்டும் என்று ஒரு கூட்டம், ஜெபம் பண்ண இடம் வேண்டும் என்று ஒரு கூட்டம், தொழ இடம் வேண்டும் என்று இன்னொன்று வந்து நிற்க, நிறுவனர் கடுப்பாகி, எல்லோரும் இங்கேயே கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்று அந்த நான்கு சுவரைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கடுப்பைத்தான் மத நல்லிணக்கம் என்று ஆண்டறிக்கையில் எழுதி வருகிறோம். கொத்தனார்கள் போனார்கள். அஞ்சலையம்மா துடைப்பத்தோடு தங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமைதான் அவருக்குப் பெரிய நாள். பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். அரியர் வைத்த பெண்கள் எல்லாம் துர்க்கை படத்தின் முன் எலுமிச்சை விளக்கு ஏற்றுவார்கள். தரையெல்லாம் எண்ணெய். பன்னிரண்டரைக்கு முஸ்லிம் மாணவிகள் கை கால் கழுவி ஈரக்காலோடு தொழ வருவார்கள். இடையில் இருக்கும் அரைமணியில் அஞ்சலையம்மா கோலமாவு தூவி எண்ணெயை இழுத்து, சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, காய்ந்த துணியால் இரண்டு தரம் துடைத்துவிடுவார். அவராக வைத்துக்கொண்ட முறை அது. எந்தக் கோப்பிலும் கிடையாது.

கோப்பில் இல்லாததால், போன மாதம் முன்பதிவுச் செயலி வந்தபோது, அந்த அரைமணி காலியாக இருப்பதாக ஒரு புத்திசாலிக்குத் தோன்றியது. அந்தப் புத்திசாலி நான்தான். ஆசிரியர்களின் தியான வகுப்புக்கு அதை ஒதுக்கினேன்.

முதல் வெள்ளியே இரண்டாம் ஆண்டு மாணவி சபீனா வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். உடனே விசாரணைக் குழு. தலைவர் பேராசிரியர் திருமுருகன். ‘என் கவனக்குறைவே காரணம்’ என்று ஒரு கடிதம் தயாராக இருந்தது. அஞ்சலையம்மா கையெழுத்துப் போட்டால் திங்கள் முதல் வேறு ஆள் வந்துவிடுவார். ஐம்பத்தாறு வயதில் அவரை வேறெங்கே சேர்ப்பார்கள்?

அவர் பேனாவைத் தொடவில்லை.

"எண்ண ஊத்துனது நானா சார்? உள்ள வுட்டாதானே தொடைப்பேன்? இத்தினி வருசத்துல ஒரு புள்ள வுயுந்து கீதா?"

விசாரணையில் நானும் உட்கார்ந்திருந்தேன். எனக்கு மூன்று வருடம் சர்வீஸ் பாக்கி. வாயைத் திறக்காமல் இருந்தால் பிழைத்துக்கொள்வேன். ஆனால் அன்று அவர் வாளியோடு வந்ததும், பாய் விரித்துத் தியானத்தில் உட்கார்ந்திருந்த திருமுருகன் கண்ணை மூடியபடியே கையை ஆட்டித் திருப்பி அனுப்பியதும் எனக்குத் தெரியும். எதிரே அதே மனிதர் கவனக்குறைவைப் பற்றி உபதேசம் பண்ணிக்கொண்டிருந்தார். பொறுக்க முடியவில்லை.

"அந்த அரைமணியைத் தியானத்துக்குக் கொடுத்தது நான். இந்த அம்மாவை வெளியே அனுப்பியது நீங்கள். கடிதத்தில் நாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போடலாம் சார்," என்றேன்.

கடிதம் நாலாக மடிந்து திருமுருகனின் சட்டைப் பைக்குள் போனது. தியானம் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனது.

அரைமணியைத் திருப்பிக் கொடுக்கச் செயலியைத் திறந்தேன். சமயத்தின் பெயரைக் குறிக்காமல் அது நேரம் ஒதுக்காதாம். இந்து, கிறிஸ்தவம், இஸ்லாம், ஜைனம் எல்லாம் பட்டியலில் உண்டு. துடைப்பதற்கு இடமே இல்லை. தலையைப் பிய்த்துக்கொண்டு கடைசியில் ‘பிற மதம், ஒரு நபர்’ என்று பதிந்தேன். அஞ்சலையம்மாவிடம் சொன்னபோது அவருக்கு இன்னும் கோபம் ஆறியிருக்கவில்லை.

"இன்னாவோ எயுதிக்கோ சார். அந்த அர மணி நேரம் எவனையும் உள்ள வுடாத."