மாப்பிள்ளை கழுத்தில் அட்டை

அந்த ஆஸ்பத்திரியில் அவளைப் போலீசக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காக்கி ஒரு நாளும் போட்டதில்லை. மூன்றாம் மாடியில் தரை துடைத்தே வயிறு வளர்த்தவள். ஆனால் சந்தேகம் என்றால் அப்படி ஒரு சந்தேகம். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். கல்யாணமான புதிதில் புருஷன் வாங்கித் தந்த கைக்கடிகாரத்தையே இரண்டு கடையில் காட்டி விசாரித்தவள். அதைச் சொல்லிச் சொல்லியே அவர் போய்ச் சேரும்வரை சிரித்தார்.

அப்படிப்பட்டவள், தரை துடைக்க ரோபோ வந்தால் சும்மா விடுவாளா? இடுப்பு உயரம், இரண்டு பச்சைக் கண், இனிக்க இனிக்கப் பேச்சு. வந்தால் எல்லோரும் வழிவிட வேண்டும். ஒரு சுற்று போனதும் மூலையில் சார்ஜ் ஏற உட்கார்ந்துவிடும். அதனால் பெண்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தார்கள். போலீசக்கா மட்டும் அதன் எதிரே வீட்டு விஷயம் பேசமாட்டாள்.

"சிரிச்சுப் பேசுதுன்னு நம்பாதீங்கடி. எல்லாத்தையும் மேல போட்டுக் கொடுத்துடும்."

மாப்பிள்ளைக்கு ஒரு குறை. வார்டுக் கதவுகள் ஊழியர் அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். அதற்கு யாரும் அட்டை தரவில்லை. கதவு கதவாக ஓடித் திறந்து அலுத்துப்போன பெண்கள், முறைவைத்துத் தங்கள் அட்டையை அதன் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். போலீசக்கா ஒரு மாதம் மாட்டேன் என்றாள். முழங்கால் வலி உயிரை எடுத்த ஒரு செவ்வாய்க்கிழமை மாட்டினாள்.

அன்றைக்குத்தான் ஈரத் தரையில் ஒரு நோயாளி வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

மேனேஜரம்மா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். அந்த இடத்தைத் துடைத்ததாகப் போலீசக்காவின் அட்டை எண் இருந்தது. பத்தொன்பது வருஷ வேலை போய்விடுமோ என்று பயந்து, அந்த எண்ணை மூன்று தடவை படித்துப் பார்த்தாள்.

"நான் அந்தப் பக்கமே போகலம்மா."

"மெஷின் பொய் சொல்லாதுக்கா."

"அது என் மேல பழி போடுது. எனக்கு அப்பவே தெரியும்!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. அது பழி போடவில்லை. கழுத்தில் கிடந்த அட்டையைத் தன் அட்டை என்று எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஊரையே சந்தேகப்பட்டவளுக்குத் தன் கையைச் சந்தேகப்படத் தோன்றவில்லையே என்று அழுகை முட்டியது.

"அட்டையை மாட்டினது நான்தாம்மா, அது தப்புதான். ஆனா துடைச்சது அது. நானா இருந்தா வழுக்கும்னு மஞ்சப் பலகை வைக்காம நகர மாட்டேன்."

மேனேஜரம்மா நம்பினாள். நம்பி என்ன செய்ய? கம்ப்யூட்டரில், விபத்துக்குப் பொறுப்பு யார் என்ற கட்டத்தில் ஊழியர் எண் மட்டும்தான் ஏறும்.

"மெஷினுக்கு எண் கிடையாதேக்கா."

"அப்ப விழுந்தவருக்கு யாரும்மா பதில் சொல்றது?"

மேனேஜரம்மா கட்டத்தில் போலீசக்காவின் எண்ணையே அடித்தாள். ஒரு மாதம் சஸ்பெண்டு.

வெளியே வந்தால், மாப்பிள்ளை வேறொருத்தியின் அட்டையை ஆட்டிக்கொண்டு வந்தது. போலீசக்கா அதைக் கழற்றி, அங்கே பெருக்கிக்கொண்டிருந்த உரியவளின் கையில் திணித்தாள்.

"இது அதோட கழுத்துல தொங்கலடி. நம்ம கழுத்துல தொங்குது."

மாப்பிள்ளை வார்டுக் கதவின் முன்னால் போய் நின்றது. "தயவுசெய்து கதவைத் திறங்கள்" என்றது இனிமையாக. மறுபடியும் சொன்னது. துடைப்பத்தோடு நின்ற பெண்களில் ஒருத்தியும் அசையவில்லை.