நாற்பது நாள் கணவன்

கடல் கடந்து நான் வேலை பார்க்கும் அபர்டீனில் ஒருவரோடு ஓராண்டு பழகினாலும் அவருடைய அப்பா பெயர் நமக்குத் தெரியாமலே போகலாம். புதன்கிழமை மாலைகளில் நான் போகும் தேவாலயக் கூடத்தில் அதுதான் சட்டம். பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, முதல் பெயரை மட்டும் சொல்லி, நான் குடிநோயாளி என்று தொடங்குவோம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது. அழுதாலும் ‘விடுப்பா’ என்று தேற்றக்கூடாது. முதல் நாள் நான் எழுந்து நின்று என் பெயர், அப்பா பெயர், ஊர் மணப்பாடு, எந்தத் தெரு என்பதுவரை ஒப்பித்தேன். சிரிப்பை அடக்க அவர்கள் பட்ட பாடு எனக்கே பாவமாக இருந்தது.

திருந்துவதற்காக நான் அங்கே போகவில்லை. இன்னொரு முறை குடித்த வாடையோடு வந்தால் வேலை கிடையாது என்று மீன் ஆலை மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். மருத்துவமனையில் ஒரு நர்ஸ் இந்தக் கூட்டத்தின் முகவரியைத் தாளில் எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். சாம்பல் புதன் வந்த பிறகுதான் போனேன். ஏன் என்று எங்கள் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர்வரை தபசு காலம். ஊரின் மகா குடிகாரன்கூடத் தொடமாட்டான். இருபத்திரண்டு வயதிலிருந்து ஓர் ஆண்டும் தவறாமல் நானும் அப்படி இருந்தவன். குடிகாரனால் நாற்பது நாள் இருக்க முடியுமா என்பதுதான் வீட்டில் என் வாதம். ஒருமுறை என் மனைவி ஜெசிந்தா மீன் அரிந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

“வருசத்துல நாப்பது நாளாவது எனக்குப் புருசன் இருக்காரே.”

அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் எனக்குத் துணையாக அமைந்தவர் டக்ளஸ், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். ஈஸ்டர்வரை சொட்டுக்கூடத் தொடமாட்டேன் என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன். ஈஸ்டருக்கு என்ன, அன்று உனக்கு ஏதாவது அறுவை சிகிச்சையா என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். விளக்கிச் சொல்ல என் ஆங்கிலம் போதவில்லை. ஈஸ்டர் அன்று காலைத் திருப்பலி முடிந்து வரும் வழியில் பாட்டில் வாங்கினேன். மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். என் பேச்சு போக நாற்பது விடியல் ஆனது, அவ்வளவுதான் வித்தியாசம். நான்காம் நாள் டக்ளஸ் வந்து கதவைத் தட்டி, ஒன்றும் கேட்காமல் கூட்டத்துக்கு அழைத்துப்போனார். அதன் பிறகு நான் குடிக்கவில்லை.

இந்த ஆண்டு விடுப்பில் ஊருக்கு வந்தபோது தபசு முடியும் தறுவாய். எனக்குப் பயமாக இருந்தது. கிளம்பும் முன்பே, தூத்துக்குடியில் ஞாயிறு மூன்று மணிக்கு இப்படி ஒரு கூட்டம் நடப்பதைத் தேடிக் குறித்துக்கொண்டேன். ஈஸ்டர் அன்று நண்பகலில் பெரியப்பா மகன் மிக்கேல் அண்ணன் கையில் பாட்டிலோடு வந்தார்.

“ஏலே, தபசுதான் முடிஞ்சிட்டுல்லா. இன்னும் எதுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?”

வேண்டாம் என்றேன். அப்போது ஜெசிந்தா உள்ளிருந்து ஒரு பையோடு வந்தாள், அதில் மகளுடைய துணிகள். நான் ஊரில் இருந்த ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவள் மகளோடு பெரியதாழைக்கு, அம்மா வீட்டுக்குப் போய் மூன்று நாள் இருப்பாள். பண்டிகைக்குத் தாயைப் பார்க்கப் போகிறாள் என்றே இத்தனை ஆண்டும் நினைத்திருந்தேன். அவள் கண் பாட்டிலில் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“தூத்துக்குடில ஒரு கூட்டம் இருக்கு. போயிட்டு நேரா வீட்டுக்கு வாரேன்” என்றேன்.

“ஏழு மணி பஸ்ஸு வரைக்கும் பாக்கேன்” என்றாள்.

தூத்துக்குடிக் கூட்டம் ஒரு பள்ளி வகுப்பறையில் நடந்தது. ஏழு பேர்தான். அபர்டீன் முறைப்படி முதல் பெயரை மட்டும் சொன்னேன். அதைச் சட்டை செய்யாமல், இரும்புக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி, “எந்த ஊரு தம்பி?” என்றார். எரிச்சலோடு சொன்னேன். தபசு, ஈஸ்டர், வாசலில் பை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே புகுந்தார். அங்கே பேசியது வெளியே போகக்கூடாது. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

“நான் குலசை தசராவுக்கு மாலை போட்டு விரதம் இருந்தா நாப்பத்தியொரு நாளும் தொடமாட்டேன் தம்பி. காப்பு அவுத்த அன்னைக்கே ஆரம்பிச்சிருவேன். எம் பொண்டாட்டியும் அன்னைக்குத்தான் பையைத் தூக்குவா.”

எல்லாரும் சிரித்தோம். டக்ளஸிடம் ஓராண்டாக மல்லுக்கட்டியும் விளங்கவைக்க முடியாதது இங்கே இரண்டு வாக்கியத்தில் முடிந்தது. எனக்கு அழுகை வந்தது. இங்கே தோளைத் தொட்டார்கள்.

திருச்செந்தூரில் பஸ் மாறும்போது மதுக்கடைக்கு முன்னால் கால் ஒரு கணம் நின்றதை மறைக்க விரும்பவில்லை. வீட்டை அடைந்தபோது ஏழாகப் பத்து நிமிடம் இருந்தது. பை வாசலில் இருந்தது, மகள் செருப்பு மாட்டியிருந்தாள். ஜெசிந்தா கிட்டே வந்து நின்றாள். எதற்கென்று தெரிந்து, வாயைத் திறந்து மூச்சை விட்டேன்.

மகளிடம் செருப்பைக் கழற்றச் சொன்னாள். பையை உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள், பிரிக்கவில்லை. அபர்டீன் திரும்புவதற்காக நான் பாதி அடுக்கியிருந்த பெட்டியும் அங்கேதான் இருந்தது. இரண்டுக்கும் இடம் பண்ண, அவள் என் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.