கால் எட்டாத தண்ணீர்

1. நண்டு கழுவ வந்தேன்

பழவேற்காட்டில் கயாக் விடும் கம்பெனியில் நான் சேர்ந்தது நண்டு கழுவுவதற்காக. சென்னையிலிருந்து சனி, ஞாயிறுகளில் ஆட்கள் வருவார்கள். காலையில் டச்சுக்காரர்களின் கல்லறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏரியில் இரண்டு மணி நேரம் கயாக் விட்டுவிட்டு, மத்தியானம் நண்டுக் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். கயாக் என்றால் ஒருவரோ இருவரோ உட்காரும் பிளாஸ்டிக் படகு. ஒரே துடுப்பை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

முதல் நாள் நண்டுக் கூடையோடு கரைக்கு வந்து பார்க்கிறேன், இருபது பேர் ஆரஞ்சு நிறத்தில் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முதலாளி மோகன் சாரிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

"இன்னா சார் இது, இடுப்பளவு தண்ணி. இதுக்குப் போயி எதுக்கு இம்மாம் பெரிய கோட்டு?"

"இடுப்பளவுதானா? எங்க, எறங்கிக் காட்டு பாக்கலாம்" என்றார் அவர்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். கூப்பிட்டால் கேட்காத தூரம் வரை நடந்தேன். தண்ணீர் இடுப்பைத் தாண்டவில்லை. போகிற வழியில் காலுக்கடியில் இறால் துள்ளியது. பழக்க தோஷம், குனிந்து பிடித்துவிட்டேன். அதைக் கையில் தூக்கிக் காட்டியபடி திரும்பி வந்தபோது வந்திருந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள்.

"இந்த ஏரி உனக்கு எவ்ளோ தூரம் தெரியும்?" என்றார் மோகன் சார்.

"பன்னெண்டு வயசுலேர்ந்து எறா புடிக்கிறேன் சார். சேறு எங்க, மணலு எங்கன்னு காலே சொல்லிடும்."

எங்கள் பக்கத்துப் பெண்கள் வலை போடுவதில்லை. தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்போம். பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பறி என்று ஒரு ஓலைப்பை உண்டு. இரண்டு கையும் வேலையாக இருப்பதால் அதைப் பல்லில் கவ்விக்கொள்வோம். இதை மோகன் சாருக்கு விளக்கினேன். அடுத்த வாரம் நண்டு கழுவ வேறு ஆள் வந்துவிட்டது. நான் லேக் கைடு ஆனேன்.

2. ஒரு டிக்

கைடு வேலையில் சேர ஒரு ஃபார்ம் கொடுத்தார்கள். எட்டாவது வரை படித்திருக்கிறேன், நானே நிரப்பினேன். பெயர் நாகம்மா, வயது நாற்பத்தொன்று என்று எழுதிக்கொண்டே வந்து ஒரு கேள்வியில் நின்றுவிட்டேன். நீச்சல் தெரியுமா? ஆம், இல்லை.

எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் பெண்கள் யாருக்கும் தெரியாது. கடலுக்குப் போகும் ஆண்களுக்குத் தெரியும். நாங்கள் ஏரியில் நடப்பவர்கள். கால் எட்டாத இடம் வந்தால் திரும்பிவிடுவோம், அவ்வளவுதான். ஆனால் முப்பது வருஷம் தண்ணீரில் பிழைத்தவள் "இல்லை" என்று எழுதினால் சிரிக்க மாட்டார்களா? எதிரில் கயாக் டிரெயினர் ஷர்மிளா மேடம் வேறு உட்கார்ந்திருந்தார். அவர் நீச்சலில் மெடல் வாங்கியவர்.

நான் தயங்குவதை மோகன் சார் பார்த்தார். "ஏரியிலயே பொழைக்கிறவங்களப் போயி இதெல்லாம் கேக்குது பாரு. ஆமான்னு போடு நாகம்மா" என்று சிரித்தார். போட்டேன்.

என் வேலை இதுதான். பந்தயம் வைக்கும் நாட்களில் ஏரிக்குள் நடந்து போய், கயாக்குகள் திரும்ப வேண்டிய இடத்தில் மூங்கில் கழியில் சிவப்புக் கொடியோடு நிற்க வேண்டும். மோகன் சார் இதற்கு டர்னிங் பாயிண்ட் மார்ஷல் என்று பெயர் வைத்தார். என் வீட்டுக்காரர் கொடிக்கம்பம் என்றார்.

ஜாலியான வேலை. நடு ஏரியில் வந்து "அக்கா, இங்க பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டவர்கள் உண்டு. ஒருவர் கேமராவை நீட்டிக்கொண்டு, "அந்தப் பூநாரைங்கள கொஞ்சம் பறக்க வைக்க முடியுமா?" என்றார். "அதுங்களுக்கு சனி ஞாயிறு லீவு சார்" என்றேன். லைஃப் ஜாக்கெட்டை நானும் போட்டுக்கொள்வேன். ரூல் அது. ஆனால் குனிந்து நிமிர இடைஞ்சல் என்று பக்கிளை மாட்ட மாட்டேன். சட்டை மாதிரி திறந்தபடியே தொங்கும். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

3. தணிகாசலம் சாரின் பந்தயம்

ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை, ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த பத்துப் பேர் வந்தார்கள். எல்லாரும் ரிட்டயர் ஆனவர்கள். ஆனால் கூடிவிட்டால் எட்டாங்கிளாஸ் பிள்ளைகள்தான். அதில் தணிகாசலம் என்பவரை மட்டும் காலையிலிருந்து ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் எந்தப் பந்தயத்திலும் அவர்தான் கடைசியாம். கல்லறையில் அவர் பாட்டுக்கு ஒரு கல்லில் இருந்த எழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "டேய் தணிகா, அந்த டச்சுக்காரன் கூட உன்ன முந்திடுவான்டா!" என்று ஒருவர் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் முகம் சிரிக்கவில்லை.

பந்தயம் தொடங்கியது. நான் இடுப்பளவு தண்ணீரில் கொடியோடு நிற்கிறேன். வாடைக்காற்று கொஞ்சம் பலமாகவே இருந்தது. கரையோரம் ஒருவர் கயாக்கைக் கவிழ்த்துவிட, ஷர்மிளா மேடமும் சேஃப்டி போட்டில் இருந்த மோகன் சாரும் அவரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் எல்லாருக்கும் வெகுதூரம் முன்னால் ஒரு கயாக் வந்தது. தணிகாசலம் சார்.

"சூப்பர் சார்! கொடியச் சுத்தி லெஃப்ட்ல திருப்புங்க!" என்று கத்தினேன்.

அவர் திருப்பவில்லை. பின்னால் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் காற்று கயாக்கைக் குறுக்காகத் தள்ளியது. அவர் பதறிப்போய்ப் படகின் ஓரத்தைப் பிடிக்க, துடுப்பு கை நழுவிப் போய்விட்டது. துடுப்பு ஒரு பக்கம், கயாக்கோடு அவர் ஒரு பக்கம்.

அது வத்தம் நேரம். அதாவது ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்கும் நேரம். காற்றும் நீரோட்டமும் சேர்ந்து அவரை முகத்துவாரத்தின் பக்கம் கொண்டுபோயின. ஏரி கடலோடு சேரும் இடம் அது. அங்கே அலை உடைவது நான் நின்ற இடத்திலிருந்தே வெள்ளையாகத் தெரிந்தது.

விசில் ஊதினேன். கரையில் கவிழ்ந்தவரைப் பார்த்து ஒரே கூச்சல், சிரிப்பு. யாருக்கும் கேட்கவில்லை. கொடியை ஆட்டினேன். நான் உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்து ஒருவர் பதிலுக்குக் கை ஆட்டினார்.

வேறு வழியில்லை, நடக்க ஆரம்பித்தேன். தண்ணீர் இடுப்பிலிருந்து மார்புக்கு வந்தது, அப்புறம் கழுத்துக்கு. அதற்குமேல் கால் கட்டை விரலுக்கு முன்னால் தரை சரிந்தது. முப்பது வருஷமாக நான் திரும்பிப் போகிற இடம் அதுதான். அவர் முப்பது அடி தூரத்தில் இருந்தார். "அம்மா! அம்மா!" என்று என்னைத்தான் கூப்பிட்டார்.

நான் ஒன்றும் பெரிய தைரியசாலி இல்லை. ஜாக்கெட்டின் இரண்டு பக்கிளையும் தேடிப் பிடித்து மாட்டினேன். ஸ்ட்ராப்பை மூச்சு முட்டுகிற வரை இழுத்தேன். மூங்கில் கழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினேன். நாற்பத்து மூன்று வயதில், தண்ணீருக்குள் என் இரண்டு காலும் ஒன்றாகத் தரையை விட்டது அன்றைக்குத்தான்.

ஒரு வாய் உப்புத் தண்ணீர் உள்ளே போனது. ஜாக்கெட் என்னைத் தூக்கி மேலே விட்டது. நீரோட்டம் என்னையும் அவர் பின்னாலேயே இழுத்தது.

"கையால துழாவுங்க சார்! என் பக்கம், என் பக்கம்!"

அவர் இரண்டு கையாலும் தண்ணீரை அடித்தார். நான் கழியை நீட்டினேன். இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை கொடித்துணியைப் பிடித்துவிட்டார். கழியைப் பிடித்து இழுத்து, கயாக்கின் வாலில் தொற்றிக்கொண்டேன்.

"அப்பாடா, நீங்க வந்துட்டீங்க. இனிமே பயமில்ல. அப்படியே நீந்தி இழுத்துட்டுப் போயிடுவீங்கல்ல?" என்றார்.

பொய் சொல்ல அது நேரமில்லை. "சார், எனக்கு நீச்சல் தெரியாது."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எனக்கும் தெரியாதும்மா. ஃபார்ம்ல தெரியும்னு எழுதிட்டேன். அவனுங்க எல்லாரும் எழுதினானுங்க."

"நானும் அப்டித்தான் சார் எழுதினேன்."

அவருக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்ததில் பயம் கொஞ்சம் இறங்கியது, மூளை வேலை செய்தது. முகத்துவாரத்துக்கு முன்னால் இடதுகைப் பக்கம் ஒரு மணல் திட்டு உண்டு. மட்டி பொறுக்க நாங்கள் போகிற இடம். நேராகக் கரைக்குத் திரும்ப முடியாது. ஆனால் ஓட்டத்தோடு போகும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கினால் திட்டைப் பிடித்துவிடலாம்.

"கழியத் தண்ணில உட்டுப் பாருங்க சார். தர தட்டுதா?"

"இல்ல."

"இப்போ?"

"இல்லம்மா. ஆழமா இருக்கு."

நான் பின்னாலிருந்து இரண்டு காலையும் உதைத்துக்கொண்டே இருந்தேன். அதற்கு நீச்சல் என்று பேர் சொல்ல முடியாது. அலைச் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"தட்டுது! நாகம்மா, தட்டுது!"

"உட்றாதீங்க! ஊணித் தள்ளுங்க, அந்த மணல் பக்கமா! இன்னும், இன்னும்!"

பந்தயத்தில் காட்டாத வேகத்தை அவர் அங்கே காட்டினார். ஊன்றி ஊன்றித் தள்ளினார். திடீரென்று என் கால் விரலில் மணல் பட்டது. கோயில் படியில் கால் வைத்தது போல இருந்தது.

4. மீன் மாதிரி

திட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் சேஃப்டி போட் வருவது தெரிந்தது.

"அந்த விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும்மா. உங்க வேலை போயிடும்" என்றார் தணிகாசலம் சார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கரைக்கு வந்ததும் மோகன் சார் என் தோளைத் தட்டி எல்லாருக்கும் முன்னால், "பாத்தீங்களா, எங்க நாகம்மா மீன் மாதிரி!" என்றார். பத்துப் பேரும் கை தட்டினார்கள். நண்டு கழுவ வந்த அன்று வாங்கிய கைதட்டல் இனித்தது. இது இனிக்கவில்லை. அடுத்த வாரமும் என்னை நம்பி இவர் ஆட்களை ஏரிக்குள் அனுப்புவாரே என்றுதான் தோன்றியது.

எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு மோகன் சாரிடம் போய் உண்மையைச் சொன்னேன். கவிழ்த்து வைத்திருந்த ஒரு கயாக்கின் மேல் அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா நாகம்மா சொல்ற? ரெண்டு வருஷமா?"

"ஆமா சார்."

"ஆமான்னு போடுன்னு சொன்னதே நான்தானே. உன்ன இன்னான்னு திட்டுறது?" என்றார். ஆனால் கண்டிப்பாகவும் சொன்னார். "நீச்சல் கத்துக்கிற வரைக்கும் நீ தண்ணில எறங்கக் கூடாது."

இதில் வேடிக்கை என்னவென்றால், சனி ஞாயிறு நான் ஏரியில் கால் வைக்கக் கூடாது. திங்கட்கிழமை அதே ஏரியில் பறியைக் கவ்விக்கொண்டு இறால் பிடிப்பேன்.

நீச்சல் கற்றுக்கொண்ட அந்த மூன்று மாதமும் கல்லறையைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். "அது புருஷன் பொண்டாட்டியா?" என்று கேட்பார்கள். முன்பு என்றால் ஏதாவது ஒரு கதை விட்டிருப்பேன். இப்போது "தெரியாதுங்க" என்றேன். அந்த வார்த்தை வாயில் சுலபமாக வந்தது எனக்கே ஆச்சரியம்.

நீச்சல் சொல்லிக் கொடுத்தது ஷர்மிளா மேடம். முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் என்னை மிதக்க விட்டதும், என் கால் தானாகக் கீழே இறங்கித் தரையைத் தேடி நின்றுவிடும்.

"உங்க காலுக்கு ரொம்பப் புத்திக்கா" என்றார் மேடம். "தர இருக்கிற வரைக்கும் நீங்க நீந்த மாட்டீங்க."

கடைசியில் கயிறு கட்டி ஆழத்துக்கே கூட்டிப் போனார். அங்கே கால் தேடியது, ஒன்றும் கிடைக்கவில்லை, வேறு வழியில்லாமல் கை வேலை செய்தது. பங்குனி முடிவதற்குள், வலை கட்ட ஊன்றியிருந்த ஒரு கழியிலிருந்து அடுத்த கழி வரை நீந்திவிட்டேன். மல்லாந்து மிதப்பதுதான் கடைசியாக வந்தது.

5. பக்கிள் மாட்டும்போது

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நீச்சல் தெரியுமா என்று பத்துப் பேருக்கு நடுவில் கேட்காதீர்கள். பத்துப் பேரும் கை தூக்குவார்கள். ஃபார்மில் எழுதியதை வைத்து ஒருவரையும் தண்ணீரில் இறக்காதீர்கள். எங்கள் கம்பெனியில் இப்போது ஒவ்வொருவருக்கும் நானே பக்கிள் மாட்டிவிடுகிறேன். ஸ்ட்ராப்பை இழுக்கும்போது முகம் பக்கத்தில் இருக்கும். அப்போது மெதுவாகக் கேட்பேன்: "நெசமாவே தெரியுமா? எனக்கே நாப்பத்து மூணு வயசுலதான் வந்துச்சி."

போன வாரம் ஒருவர் வந்தார். ஆறடி உயரம், முறுக்கிய மீசை, கூட அவர் ஆபீஸ் ஆட்கள். கிளம்பும் முன் நடக்கும் பிரீஃபிங்கில் அந்த ஆட்களில் ஒருவர் யாருக்கெல்லாம் நீச்சல் தெரியும் என்று கேட்க, அவர் கைதான் முதலில் உயர்ந்தது. ஸ்ட்ராப் அவருக்குப் போதவில்லை, தளர்த்திக்கொண்டே கேட்டேன். ஆபீஸ் ஆட்கள் இருந்த பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, என் காதுக்குக் குனிந்தார்.

"தெரியாதுக்கா."

"அதுக்கு இன்னா சார்" என்று பக்கிளை அழுத்தினேன். "டபுள் கயாக்ல முன்னாடி உக்காருங்க. பின்னாடி நான் வரேன்."

அன்றைய பந்தயத்தில் நாங்கள் இரண்டாவதாக வந்தோம்.